மலை கேட்டு ஒரு மன்றாட்டு

தாய்மாமன் வராமல் தாலி ஏறாது என்று மேரி அக்கா போனில் சொல்லிவிட்டாள். சொன்னதோடு நிற்காமல் கூறைப் புடவை, தாலிக்கொடி, இரண்டு கிலோ நெத்திலிக் கருவாடு என்று ஒரு பட்டியலும் கொடுத்தாள். நான் திருச்சியில் அரசாங்க விதைப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவன். ஈரக் காகிதத்தில் விதைகளைப் பரப்பி வைத்து, எட்டாம் நாள் எத்தனை முளைத்திருக்கின்றன என்று எண்ணுவேன். அதைத் தவிர உலகத்தில் எனக்கு உருப்படியாகத் தெரிந்தது எதுவும் இல்லை. அப்படிப்பட்டவன் மே மாதக் கடைசியில் கனடாவில், மொன்றியால் விமான நிலையத்தில் கருவாட்டுப் பொட்டலத்தோடு நின்றேன். சுங்க அதிகாரி பொட்டலத்தை முகர்ந்து பார்த்தார். வேகமாகத் திருப்பிக் கொடுத்தார். தாலியைப் பற்றி அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அத்தான் காரோடு வந்திருந்தார். அவர் பெயர் செபமாலை. மாதாவிடம் செபம் சொல்ல உருட்டும் மணிமாலையின் பேர்; மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர்களிடம் அது சாதாரணமான பெயர்தான். கலவரத்துக்குப் பிறகு மண்டபம் அகதி முகாமில் வந்து இறங்கியவரை அங்கே ஆசிரியையாக இருந்த அக்கா கட்டிக்கொண்டாள். இரண்டு வருடத்தில் கைக்குழந்தை ஜெனியோடு இங்கே வந்துவிட்டார்கள். அந்தக் கைக்குழந்தைக்குத்தான் இந்தச் சனிக்கிழமை கல்யாணம்.

காரில் ரேடியோ பிரெஞ்சில் குதூகலமாக ஏதோ சொல்லிக்கொண்டு வந்தது. என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன்.

"நல்ல செய்தியாம். கிழமை முழுக்க வெயிலாம்." அத்தான் ரேடியோவை நிறுத்தினார். அப்புறம் வீடு வரும் வரைக்கும் அடிக்கடி மேற்கு வானத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். பெண்ணைக் கட்டிக் கொடுக்கும் கவலை என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

பியர்பொன்ட்ஸ் புறநகரில் அக்கா வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய புல்வெளி. பதினைந்து வருடம் நகரத்துக்குள் வில்லரேயில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்துவிட்டு வாங்கிய வீடு அது. சொந்த முற்றத்தில் பந்தி போட வேண்டும் என்பது அக்காவின் நெடுநாள் ஆசை. மண்டபம் வேண்டாம், நெருங்கியவர்கள் அறுபது பேர் போதும், பின்வளவில் கூடாரம் போட்டுச் சாப்பாடு என்று முடிவு செய்திருந்தாள். அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று வாரமாக மழை இல்லை என்பதே எனக்கு அதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

புதன்கிழமை காலையில் அத்தான் என்னை எழுப்பினார். "மச்சான், வெளிக்கிடு. ஒரு இடத்துக்குப் போயிட்டு வருவம். நீ விதை படிச்சனிதானே." போகும் வழியில்தான் விஷயத்தைச் சொன்னார். பிளாஸ்டிக் தொழிற்சாலை வேலையைப் போன இலையுதிர் காலத்தில் விட்டுவிட்டார். தெற்கே ஒரு மணி நேரத் தூரத்தில் ழெரார் என்ற பிரெஞ்சுக் கிழவருக்குத் தானியப் பண்ணை இருக்கிறது. பல வருடமாகச் சனி ஞாயிறுகளில் அத்தான் அங்கே உதவிக்குப் போய்வந்திருக்கிறார். இந்த வருடம் கிழவர் ஓர் ஓரத்து வயலை அவருக்குக் குத்தகைக்குக் கொடுத்திருக்கிறார். பத்து ஏக்கர். வசந்தக் கோதுமை விதைத்திருக்கிறார். மன்னார்ப் பக்கத்து நானாட்டானில் தகப்பனுடைய நெல் வயலை விட்டு வந்த பிறகு, தன் பெயரில் அவர் விதைத்தது இதுதான் முதல் தடவை.

பாலத்தில் ஏறியதும் ஆறு தெரிந்தது. காவிரியின் அகண்ட இடத்தைக் கண்டு வளர்ந்தவன் நான், ஆனாலும் வாயடைத்துப் போனேன். கப்பல் போகும் ஆறு.

"இவ்வளவு தண்ணி ஓடுது பார்," என்றார் அத்தான். "ஒரு சொட்டு வயலுக்கு ஏறாது. இஞ்ச குளமும் இல்லை, வாய்க்காலும் இல்லை."

மடை, மதகு, முறைப்பாசனம் என்று வாழ்ந்தவனுக்கு இது புரியச் சற்று நேரம் ஆயிற்று. இவ்வளவு வசதியான நாட்டில் கோதுமை போட்டவனுக்கு அது வானம் பார்த்த பூமி.

ழெரார் வாசலிலேயே நின்றார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், தொப்பி, முழங்கை வரை வெயிலில் சிவந்த கை. அவருடைய பிரெஞ்சை அத்தான் பாதி புரிந்துகொண்டு எனக்குச் சொன்னார். முதலில் சாப்பிட வேண்டும் என்றாராம். பட்டாணி சூப்பும் ரொட்டியும் வந்தன. நம் ஊர் நோன்புக் கஞ்சியைப் போல வயிற்றுக்கு இதமாக இருந்தது. உப்பு மட்டும் அதிகம். மேசையில் இருந்த மூன்று பேரும் ஜன்னல் வழியாக மேற்கையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம்.

வயல் பச்சையாகத்தான் தெரிந்தது. கிட்டப் போனால்தான் வண்டவாளம் தெரிந்தது. களிமண் மேலோடு போட்டு வெடித்திருந்தது. இரண்டு இலை, மூன்று இலைப் பயிர். நுனி மஞ்சளாகி முறுக்கிக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்து பேனாக்கத்தியால் ஒரு செடியைத் தோண்டி எடுத்தேன். விதையிலிருந்து வந்த மெல்லிய வேர் மட்டும் ஆழத்தில் இருந்தது. பயிரைத் தாங்க வேண்டிய கழுத்து வேர் இறங்கவே இல்லை. மேல் மண்ணில் ஈரம் இருந்தால்தானே அது இறங்கும்? பத்து இடத்தில் தோண்டினேன். பத்தும் அப்படித்தான்.

"உண்மையைச் சொல்லு," என்றார் அத்தான்.

"இன்னும் நாலு நாள் தாங்கும் அத்தான். அஞ்சு நாள்னா அதிகம்."

அவர் அதை ழெராருக்குச் சொன்னார். கிழவர் தலையை ஆட்டிவிட்டு நிதானமாக ஏதோ பேசினார். அத்தான் திருப்பிச் சொல்லவில்லை. காரில் ஏறிய பிறகுதான் சொன்னார். ஞாயிறு வரை பார்ப்போம், மழை இல்லையென்றால் திங்கட்கிழமை பயிரை மடக்கி உழுதுவிட்டுச் சோயா போடலாம் என்றாராம். சோயாவுக்கு இன்னும் பருவம் இருக்கிறது. ஆனால் அந்தச் சோயா கிழவருடையது. வயலும் திரும்ப அவரிடமே போய்விடும்.

"அவரில பிழை இல்லை. நிலத்தைச் சும்மா போடேலாது. அவருக்கும் மிச்ச வயல் எல்லாம் காயுது." கொஞ்ச தூரம் போனதும் சொன்னார்: "எனக்கு ஐம்பத்தெட்டு மச்சான். தொழிற்சாலையில திருப்பி எடுக்க மாட்டாங்கள். எடுத்தாலும் நான் போக மாட்டன். அக்காவிட்ட சொல்லாத. கலியாணம் முடியட்டும்."

சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. வியாழன் காலையில் எழுந்து பின்வளவுக்குப் போனேன். துணி காயப்போடும் கொடியில், இரண்டு கிளிப்புகளுக்கு நடுவில் ஒரு செபமாலை தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆசீர்வதித்த மணிகளை யாராவது உள்பாவாடையோடு சேர்த்துக் கொடியில் போடுவார்களா? எடுத்து, முத்தமிட்டு, உள்ளே கொண்டுபோய் மாதா படத்துக்கு முன்னால் வைத்தேன்.

பத்து நிமிடத்தில் அக்கா வந்தாள். "கொடியில இருந்த செபமாலைய யார் எடுத்தது?"

"அத்தானைக் கொடியில போட்டா அவர் என்ன ஆவார்?" என்றேன். அக்கா சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்கார மதாம் சொல்லிக் கொடுத்த வழக்கமாம். கல்யாணத்துக்கு முன்னால் செபமாலையைக் கொடியில் தொங்கவிட்டால் அன்றைக்கு மழை வராதாம். இங்கே தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்களாம். மதாம் முதல் நாள் மாலை போட்டால் போதும் என்றிருக்கிறாள். அக்கா எதற்கும் இருக்கட்டும் என்று புதன்கிழமையே போட்டுவிட்டாள்.

"அத்தானுக்கு மழை வேணும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? ரேடியோவ நிப்பாட்டுற மனுசன் வேற எதுக்கு நிப்பாட்டுவார்?" மாதா படத்துக்கு முன்னாலிருந்து நான் எடுத்து நீட்டிய செபமாலையை அவள் வாங்கவில்லை. "ஞாயித்துக்கிழமை பெய்யட்டும் தம்பி. திங்கக்கிழமை பெய்யட்டும். வருசம் பூரா பெய்யட்டும். எனக்கு ஒரு பகல்தான் வேணும். இந்த வீடு வாங்கி இத்தன வருசத்துல நான் வேற என்ன கேட்டேன்?"

அவள் கேட்டதில் தப்பு இல்லை. ஆனால் நாலு நாள் என்று என் வாயால் சொல்லிவிட்டு வந்தவன் நான். செபமாலையைத் திரும்பக் கொடியில் மாட்டினேன். மாட்டும்போது என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் ஒன்றும் வேண்டிக்கொள்ளாமல் வந்தேன்.

அன்று மாலை காற்று பலமாக அடித்தது. ஜன்னலில் இருந்து பார்த்தேன். அத்தான் காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். செபமாலை காற்றில் கழன்று ஒரு பக்கமாகத் தொங்கியது. அதை அவர் சரியாக நடுவில் தொங்கவிட்டு, கிளிப்பை இறுக்கிவிட்டு உள்ளே வந்தார். நான் பார்த்ததைக் கண்டுகொண்டார். "மேரி பாவம்," என்றார். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை பூ வாங்க என்னை நகரத்துக்கு அனுப்பினார்கள். வெளியூர்க்காரனை அனுப்பினால் இப்படித்தான் ஆகும். நீண்ட பஸ் பயணத்துக்குப் பிறகு மெட்ரோவில் ஆரஞ்சு வழியில் ஏறி உட்கார்ந்தேன். அந்த வழி லாடம்போல வளைந்து போகிறது. நான் தவறான முனைக்குப் போகும் ரயிலில் இருந்திருக்கிறேன். இறங்கினால் லவால். மொன்றியால் இருக்கும் தீவையே தாண்டி வேறு ஊர்.

திரும்பும் ரயிலில் எதிரே இருந்த இளம் பெண் ஒருத்தி தன் தோழியிடம், என்ன அருமையான வானிலை, இந்த வருடம் கடவுள் நம்மை மறக்கவில்லை என்றாள். அதை எனக்கு ஆங்கிலத்தில் சொன்னது பக்கத்தில் இருந்த ஒரு ஹெய்தி நாட்டுப் பெரியவர். நான் புரியாமல் விழித்ததைப் பார்த்து அவராகவே சொன்னார். அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. எங்கள் ஊரில் மேகம் கூடினால்தான் நல்ல நாள் என்போம். இங்கே எட்டு மாதம் குளிரில் கிடந்தவர்களுக்கு வெயிலைத் தவிர வேறு என்ன நல்ல நாள் இருக்க முடியும் என்று நியாயமும் தோன்றியது. இரண்டும் சேர்ந்து தலைவலியைக் கொடுத்தன. ஒருவழியாகப் பூவை வாங்கி, அது வாடுவதற்குள் வீடு சேர்ந்தேன்.

ஜெனி சமையலறை மேசையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் தாளைத் திருப்பி வைத்தாள். பிரெஞ்சில் படித்து, ஆங்கிலத்தில் வேலை பார்க்கும் பெண். தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. நான் வந்த நாளிலிருந்து அவளுக்கும் அத்தானுக்கும் நாலு வார்த்தைக்கு மேல் பேச்சு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அப்பாவின் வயலைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன்.

"ஒருக்கா போனனான் மாமா. விதைக்கிற அண்டைக்கு. நாள் முழுக்கச் சிரிச்சுக்கொண்டு திரிஞ்சவர். அவர் அப்பிடிச் சிரிக்கிறதை நான் அதுக்கு முதல் கண்டதில்லை," என்றாள்.

சனிக்கிழமை விடிந்தபோது வானத்தில் ஒரு பொட்டு மேகம்கூட இல்லை. அக்கா முகம் கழுவியதும் ஜன்னலுக்கு வந்து பார்த்து சிலுவை போட்டுக்கொண்டாள். அத்தான் கோட்டுப் போட்டு, டை கட்டி, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, வருகிறவர்களை எல்லாம் சிரித்து வரவேற்றார். நல்ல வெயில், கடவுள் கிருபை என்று ஆளாளுக்கு அவர் கையைப் பிடித்துச் சொன்னார்கள். ஓம், ஓம் என்று ஒவ்வொருவருக்கும் சொன்னார். என்னால் அவரைப் பார்க்கவே முடியவில்லை.

கோவிலில் தமிழ்ப் பூசை. மாப்பிள்ளை தாலி கட்டும்போது நாலு பேரை இடித்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன். தாய்மாமனுக்கு அந்த இடி அனுமதிக்கப்பட்டது. அப்புறம் விசுவாசிகளின் மன்றாட்டு வந்தது. மாப்பிள்ளையின் தங்கை நாலு மன்றாட்டுகளை வாசித்தாள். திருச்சபைக்காக, மணமக்களுக்காக, ஊரில் மறுபடி தொடங்கிய சண்டையில் அகப்பட்டவர்களுக்காக, இறந்துபோனவர்களுக்காக. முடிந்தது என்று எல்லோரும் நினைத்தபோது மணப்பெண் எழுந்தாள். மணப்பெண் மன்றாட்டு வாசித்து நான் பார்த்ததில்லை. சாமியாரிடம் முன்னமே கேட்டிருப்பாள்போல. அவர் மைக்கை நகர்த்திக் கொடுத்தார்.

தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசித்தாள்.

"எங்கட அப்பாவுக்காகவும், எல்லா விவசாயிகளுக்காகவும் மன்றாடுவோம். காய்ஞ்சு கிடக்கிற வயல்களுக்கு, இண்டைக்கே, நல்ல மலையைத் தந்தருள வேண்டுமென்று, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

அவள் எழுதுகிற ஆங்கில எழுத்தில் மழைக்கும் மலைக்கும் ஒரே ஸ்பெல்லிங்தான்; எழுதியதை அப்படியே வாசித்துவிட்டாள். 'ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்று கோவில் முழுக்கப் பழக்கத்தில் ஒரே குரலாகச் சொன்னது. சொன்ன பிறகுதான் பின்வரிசையில் சிரிப்புக் கிளம்பியது. மொன்றியால் என்றாலே ராஜமலைதான், மலையின் பேரை வைத்துக்கொண்டிருக்கிற ஊரில் இன்னொரு மலை எதற்கு என்று எனக்குப் பின்னால் ஒருவர் முணுமுணுத்தார். ஜெனிக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை. காது சிவக்க அப்பாவைப் பார்த்தாள்.

அத்தான் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து, முன்வரிசைப் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய தோள் அசைவதைப் பார்த்து எனக்கும் கண் நிறைந்தது. அக்கா நேரே பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படியில் இறங்கும்போது அக்கா மகளிடம் தணிந்த குரலில் கேட்டாள், "இன்னைக்கேன்னு சொல்லணுமா? நாளைக்குன்னு சொன்னா ஆண்டவர் கேக்க மாட்டாரா?"

"அது ஒரு டென்ட்தானே அம்மா," என்றாள் ஜெனி. "அப்பாட்ட வேற வயல் இல்லை."

அக்கா குனிந்தாள். மகளின் கூறைத் தலைப்பு படியில் புரண்டது. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காருக்கு நடந்தாள்.

இரண்டரை மணிக்கு மேற்கே கறுத்தது. மூன்று மணிக்குப் பந்தி பாதியில் இருந்தபோது முதல் துளி கூடாரத்தில் விழுந்தது. அப்புறம் துளி என்று சொல்ல முடியாது, கொட்டியது. கூடாரத்தின் நடுவில் தண்ணீர் தேங்கி, தொந்தியாக இறங்கி, ஒரு பக்கம் கிழிந்து புரியாணி அண்டாவுக்குள் விழுந்தது. அறுபது பேரும் தட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள்ளும் கராஜுக்குள்ளும் ஓடினார்கள். பக்கத்து வீட்டு மதாம் குடையோடு வந்து அக்காவிடம் மன்னிப்புக் கேட்டாள். செபமாலையை முதல் நாள் மாலைதான் போட வேண்டும், சீக்கிரம் போட்டதில் சக்தி தீர்ந்துவிட்டது என்று அவளுக்குக் கவலை. அக்கா அவளை உட்கார வைத்து ஒரு தட்டில் வடையும் சம்பலும் கொடுத்தாள். அக்காவின் புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. அவள் அழுதிருந்தாள். மழையில் அது வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

அத்தானைக் காணவில்லை. தேடிப் போனால் வீட்டுக்கு அடியில் பேஸ்மென்டில் போனும் கையுமாக நின்றார். சந்தோஷமாக இருப்பார் என்று நினைத்துப் போனேன். முகம் செத்திருந்தது.

"இஞ்ச பெய்யுது மச்சான். அங்க பெய்யுதோ தெரியேல்லை. நடுவில ஆறு கிடக்கு. போன கிழமை லவாலில பெய்தது, இஞ்ச ஒரு சொட்டு இல்லை." மறுபடி எண்களை அழுத்தினார். "மூண்டு தரம் எடுத்திட்டன். கிழவர் தூக்கேல்லை. மழை எண்டால் தூக்கியிருப்பாரே."

மழையைப் பற்றி நான் என்ன கண்டேன்? முளைத்ததை எண்ணத்தான் எனக்குத் தெரியும். அவர் பக்கத்தில் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். மேலே அறுபது பேரின் காலடி கூரையில் அதிர்ந்துகொண்டிருந்தது. கோட்டைக்கூடக் கழற்றாமல் அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. அத்தான் எடுத்தார். "அலோ, அலோ" என்றார். கேட்டுவிட்டுப் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னார், "விளங்கேல்லை. என்னவோ இரைச்சல். ஜெனியைக் கூப்பிடு. அவளுக்கு விளங்கும்."

ஜெனி கூறையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கி வந்தாள். பின்னாலேயே அக்காவும் வந்தாள். ஜெனி போனை வாங்கி பிரெஞ்சில் இரண்டு வார்த்தை பேசினாள். பிறகு புருவத்தைச் சுருக்கிக்கொண்டு காதைக் கொடுத்தாள்.

"என்னவாம்?" என்றார் அத்தான். "என்ன சொல்றார்?"

"பெரிசா ஒண்டும் சொல்லேல்லை அப்பா. பட்டறைக்குள்ள நிக்கிறாராம். போனைத் தகரக் கூரைக்கு நேர தூக்கிப் பிடிச்சிருக்கிறார். உங்களைக் கேக்கச் சொல்றார்."

அவள் போனை அப்பாவின் காதில் வைத்தாள். அந்த இரைச்சல் எனக்கே கேட்டது. தகரத்தில் கற்களைக் கொட்டுவதைப்போல விடாமல் அங்கே மழை பெய்துகொண்டிருந்தது. அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். கடைசிப் படியில் உட்கார்ந்தார். ஜெனி போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவரோடு குனிந்து, ஈரக் கூறையோடு தரையில் உட்கார்ந்தாள்.

மேலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். கேக் வெட்டக் காத்திருக்கிறார்களாம், மணப்பெண்ணை வரச் சொல்கிறார்களாம். ஜெனி அம்மாவைப் பார்த்தாள். போனை எடுக்கக் கையை அசைத்தாள்.

"எடுக்காத," என்றாள் அக்கா. "அவர் கேக்கட்டும்."

படியேறிப் போய் கதவைச் சாத்தி, அதில் சாய்ந்துகொண்டு நின்றாள்.